பந்திக்கு முந்தி, பயிற்சிக்குப் பிந்தி

சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து எங்கள் கப்பல் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகள் ஏற்பாடு செய்துகொடுத்த பயணம் அது. பினாங்கு, புக்கெட் ஆகிய ஊர்களைத் தொட்டுவிட்டு மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பும் நான்கு இரவுப் பயணம். நானும் என் மனைவியும் மேல்தள உணவுக்கூடத்தில் தட்டுகளுடன் அமர்ந்திருந்தபோது ஒலிபெருக்கி அழைத்தது. பயணிகள் அனைவரும் தத்தம் அறை அட்டையில் குறித்துள்ள கூடுமிடத்துக்கு உடனே வர வேண்டும். அவசரகாலப் பயிற்சி தொடங்குகிறது என்றது அறிவிப்பு. பணியாளர்கள் உணவுக்கூடத்தின் விளக்குகளைக் குறைத்தார்கள்.

'சாப்பிடுகிறவர்களைப் பாதியில் எழுப்புவது என்ன நாகரிகம்?' என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருவன். கூடுமிடத்தில் எங்கள் குழுவின் பெயர்களை வாசித்தபோது இருவரைக் காணவில்லை. இருபது நிமிடம் நாங்கள் அத்தனை பேரும் காத்திருந்தோம். கடைசியில் கையில் பானக் கோப்பையுடன் அவர்கள் நிதானமாக வந்து சேர்ந்தார்கள். அரங்கமே அவர்களை முறைத்தது. அரை மணிக்கு முன்பு நான் எந்த மனநிலையில் இருந்தேனோ, அதே மனநிலையில்தான் அவர்களும் இருந்திருக்க வேண்டும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று நம்மவர் கேலியாகச் சொல்வார்கள். கப்பலில் அதைக் கண்கூடாகக் கண்டேன்.

அன்றிரவே குறிப்பேட்டில் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேன். கப்பலில் சக பயணிகள் தரும் தொல்லைகள் என்று அதற்குத் தலைப்பும் இட்டேன். மூன்றாம் நாள் காலையில், அந்தப் பட்டியலில் இருப்பவற்றிலேயே ஆகப் பெரிய குற்றத்தைச் செய்தவன் நானே என்பது தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன், கப்பல் என்னும் இடத்தின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும்.

விலகிச் செல்ல இடமில்லாத ஊர்

இன்றைய உல்லாசக் கப்பல் ஒரு வாகனம் என்பதைவிட ஓர் ஊர் என்பதே பொருந்தும். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்னும் கப்பல் அதிகபட்சமாக 7,600 பயணிகளையும் 2,350 பணியாளர்களையும் ஏற்றிச் செல்லக்கூடியது. நம் பேரூராட்சி ஒன்றின் மக்கள் தொகைக்கு நிகரான கூட்டம் அது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உண்கிறார்கள். ஒரே நேரத்தில் கரையிறங்க விரும்புகிறார்கள். ஒரே கைப்பிடிகளைத் தொடுகிறார்கள்.

ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் தொல்லை கொடுத்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உணவகத்தில் கூட்டமென்றால் அடுத்த தெருவுக்குப் போகலாம். கப்பலில் அடுத்த தெரு என்று ஒன்று இல்லை. காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், பெரிய மருத்துவமனை எவையும் அருகில் இல்லை. தீயணைப்பவர்கள் கப்பலின் பணியாளர்களே. நோய் பரவினால் தடுக்க வேண்டியவர்கள் சிறிய மருத்துவக் குழுவினர்தாம். கரையில் வெறும் பண்புக் குறைவாகக் கருதப்படும் செயல் நடுக்கடலில் ஆபத்தாக மாறிவிடுவது இதனால்தான்.

ஏழு குறுகிய ஒலி, ஒரு நெடிய ஒலி

அவசரகாலப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலிகளும் தொடர்ந்து ஒரு நெடிய ஒலியும் கேட்டால், உயிர்காப்பு அங்கியுடன் கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும் என்பது கடல்வழிப் பயணத்தின் பொது விதி. டைட்டானிக் மூழ்கிய இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1914-இல் உருவான கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் வழிவந்த ஏற்பாடுகளுள் பயிற்சியும் ஒன்று.

ஆனால், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்றிருந்தது விதி. 2012 ஜனவரி 13 அன்று இரவு, இத்தாலியின் ஜில்யோ தீவையொட்டி 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதியபோது அதில் 4,200-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அன்று மாலை சிவித்தவெக்கியா துறைமுகத்தில் ஏறியிருந்த ஏறத்தாழ 700 பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. மறுநாள் நடப்பதாக இருந்தது. கப்பல் சாய்ந்துகொண்டிருக்க, எங்கே கூடுவது, எந்தப் படகில் ஏறுவது என்று தெரியாமல் மக்கள் இருட்டில் அலைந்தார்கள். 32 பேர் உயிரிழந்தனர்.

அந்த விபத்துக்கு முதற்காரணம் பயணிகள் அல்லர். கப்பலைக் கரைக்கு மிக நெருக்கமாகச் செலுத்தியதும், வெளியேறும் ஆணையைத் தாமதித்ததும் கப்பல் தலைவரின் குற்றங்கள். அவருக்கு 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எனினும், அந்த இரவு பன்னாட்டு விதியையே மாற்றியது. கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ புதிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்தாக வேண்டும் என்ற திருத்தம் 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கொரோனாவுக்குப் பிறகு சில நிறுவனங்களில் பாதுகாப்புக் காணொளியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குத் தனித்தனியே சென்று பதிவு செய்தால் போதும். எங்கள் கப்பலில் பழைய முறைதான். எம்முறையாயினும், என் பாதி உணவைக் குலைத்த அந்த அரை மணி நேரம் 32 உயிர்களின் விலையில் எழுதப்பட்டது என்பதை நான் தட்டுடன் அமர்ந்திருந்தபோது நினைத்துப் பார்க்கவில்லை.

துண்டு போட்டுப் பிடித்த இடம்

பேருந்தின் சன்னல் வழியே துண்டை எறிந்து இடம்பிடிக்கும் கலை நமக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தேன். கப்பலின் நீச்சல் குளத்தருகே அந்த எண்ணம் மறைந்தது. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குச் சென்றபோது சாய்வு நாற்காலிகளில் ஏறக்குறைய பாதியின் மேல் நீலத் துண்டுகள் விரிக்கப்பட்டிருந்தன. சிலவற்றின் மேல் ஒரு புத்தகம், சிலவற்றின் மேல் ஒற்றைச் செருப்பு. மனிதர்கள் மட்டும் இல்லை. அவர்கள் பத்து மணிக்கு மேல்தான் வந்தார்கள். இதில் நாடு, மொழி, நிற வேறுபாடு எதுவும் இல்லை. ஐரோப்பியர்களிடையே இதை வைத்து ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரைக் கேலி செய்யும் வழக்கமே பல ஆண்டுகளாக இருந்து வருகிறது.

இதன் காரணம் எளிய கணக்கு. பயணிகள் எல்லாருக்கும் போதுமான நாற்காலிகளை எந்தக் கப்பலும் வைப்பதில்லை. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் பாதிப் பேர் கரையில் இருப்பதால் குறை தெரியாது. நாள் முழுதும் கடலில் செல்லும்போது அனைவரும் மேல்தளத்துக்கு வருகிறார்கள். தட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தில் ஒவ்வொருவரும் தேவைக்கு முன்பே இடம்பிடிக்க, அச்சமே தட்டுப்பாட்டை உண்டாக்கிவிடுகிறது. ஆளில்லாத நாற்காலியில் இருக்கும் பொருள்களை 30 அல்லது 40 நிமிடங்களுக்குப் பிறகு பணியாளர்கள் அகற்றலாம் என்று சில நிறுவனங்கள் விதி வைத்துள்ளன. ஆனால், அந்தத் துண்டை எடுக்க வேண்டியவர் எங்கோ ஓர் ஏழை நாட்டிலிருந்து வந்த இளைஞர். துண்டுக்குரியவர் திரும்பி வந்து கத்தினால் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவரும் அவரே. ஆகவே பல நேரங்களில் விதி பலகையில் மட்டுமே இருக்கிறது.

மின்தூக்கியும் அப்படித்தான். உள்ளே இருப்பவர்கள் வெளியேறுமுன் நுழைய முண்டுவதும், ஒரு தளம் இறங்குவதற்கும் அதையே நம்புவதும் சாதாரணக் காட்சிகள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மூதாட்டி, நிரம்பிய பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தம்மைக் கடந்து செல்வதைப் பார்த்தபடி காத்திருந்தார். பெட்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் நல்லவர்களே. யாரும் அவரைத் தள்ளிவிடவில்லை. யாரும் இறங்கவுமில்லை, அவ்வளவுதான். நான்காவது பெட்டியிலிருந்து இரண்டு பள்ளிச் சிறுவர்கள் தாமாக வெளியே வந்து, மாடிப்படியில் ஓடிவிட்டார்கள்.

நள்ளிரவில் நடைபாதையில் உரக்கப் பேசிச் செல்வதும், கதவை அறைந்து சாத்துவதும் பட்டியலின் அடுத்த பக்கத்தில் இருந்தன. கப்பலின் அறைச் சுவர்கள் மெல்லியவை. எங்கள் அடுத்த அறையினர் நம்மூர்க்காரர்கள். அவர்களின் சொத்துத் தகராறு எனக்கு இப்போது முழுமையாகத் தெரியும்.

பால்கனியில் ஒரு தீப்பொறி

பால்கனி உள்ள அறை கிடைத்தவர்கள் அதைத் தங்கள் வீட்டு முற்றமாகவே கருதுகிறார்கள். சிலர் அங்கே புகைபிடிக்கிறார்கள். சிலர் துவைத்த துணியை உலர்த்துகிறார்கள். எங்கள் கப்பலில் இரண்டுக்கும் தடை. முதல் நாள் மாலையில் நீராடிய பின் என் வேட்டியைப் பால்கனித் தடுப்பில் விரித்தபோது, அறைப் பணியாளர் பணிவாக அதை மடித்துக் கொடுத்தார். கடற்காற்று அள்ளிச் செல்லும் துணி வேறொரு பால்கனியில் விழலாம். அங்கே யாரேனும் விதியை மீறிப் புகைத்துக்கொண்டிருக்கலாம் என்றார். எனக்கு மிகைப்படுத்திய அச்சமாகத் தோன்றியது.

அது மிகையன்று. 2006 மார்ச் 23 அன்று அதிகாலையில் ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட் துண்டே பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது. பால்கனித் தடுப்புகளும் நாற்காலிகளும் எரியக்கூடிய நெகிழியால் ஆனவையாக இருந்ததால், தீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. பயணி ஒருவர் புகையால் உயிரிழந்தார். அதன் பின்னர், 2008 முதல் பால்கனிகளின் தடுப்பு, இருக்கைகள், தீயறி கருவிகள் ஆகியவற்றுக்குப் பன்னாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

மின்கெண்டி, இஸ்திரிப்பெட்டி போன்றவற்றை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம். எங்களுடன் வந்த குடும்பம் ஒன்று, பயணப்பெட்டிக்குள் சிறிய மின்அடுப்பையும் இரண்டு கிலோ பொன்னி அரிசியையும் வைத்திருந்தது. அடுப்பு பறிபோனதைப் பெரிய அவமானமாகக் கருதிய குடும்பத் தலைவர், 'நாம் என்ன கப்பலைக் கொளுத்தவா போகிறோம்?' என்றார். யாரும் கொளுத்துவதற்காகப் போவதில்லை என்பதுதான் சிக்கலே.

கப்பலின் மணி, கைப்பேசியின் மணி

புக்கெட்டில் நாங்கள் இறங்கவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். பால்கனியிலிருந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டிருந்தது; சிறு படகுகள் பயணிகளைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தன. கடைசிப் படகு திரும்ப வேண்டிய நேரம் கடந்தும் அது கரையிலேயே நின்றது. பிறகுதான் விவரம் அறிந்தேன். ஒரு குடும்பத்தினர் வரவில்லை.

சிங்கப்பூரின் நேரம் தாய்லாந்தின் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். எங்கள் கப்பல் பயணம் முழுவதும் சிங்கப்பூர் நேரத்தையே கடைப்பிடித்தது. அறிவிப்புத் தாளில் அது தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டும் இருந்தது. கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று எண்ணி அக்குடும்பத்தினர் கடைவீதியில் நின்றிருந்தார்கள். அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர்; கைக்கடிகாரம் கட்டும் பழக்கத்தை விட்டவர்கள். எவரோ தொலைபேசியில் அழைத்ததால் ஓடி வந்து சேர்ந்தார்கள்.

கப்பல் எப்போதும் காத்திருக்காது. நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். தனியே சென்றவர்களுக்கு அந்த உறுதி இல்லை. அடுத்த துறைமுகத்தில் இடமும் வழிகாட்டு மாலுமியும் குறித்த நேரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். இழந்த நேரத்தை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினால் எரிபொருள் செலவு ஏறும். விட்டுச் செல்லப்படுபவர்கள் தம் செலவிலேயே அடுத்த துறைமுகத்துக்குச் செல்ல வேண்டும். தாமதமாக ஓடி வருபவர்களை மேல்தளத்தில் நின்று கைதட்டிக் கேலி செய்வது சில கப்பல்களில் ஒரு கேளிக்கையாகவே ஆகிவிட்டது. அந்த ஓட்டத்தில் முழங்கால் வலியுடன் ஓடும் ஒரு பாட்டியைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெயரும் பட்டியலில்

இனி, நாங்கள் புக்கெட்டில் இறங்காத காரணம். பினாங்கிலிருந்து புறப்பட்ட இரவில் என் மனைவிக்கு வாந்தி எடுத்தது. கடல் ஒவ்வாமையாக இருக்கும் என்றேன். விடிவதற்குள் இன்னும் மூன்று முறை, வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. அது கடல் ஒவ்வாமையன்று என்பது எனக்கும் தெரிந்தது. ஆனால், மருத்துவப் பிரிவில் சொன்னால் அறையிலேயே இருக்கச் சொல்வார்கள்; புக்கெட் போய்விடும்; செலுத்திய பணம் வீணாகும். 'கரையில் இறங்கியதும் சரியாகிவிடும். யாரிடமும் சொல்லாதே' என்றேன். அழுக்கான துண்டுகளைச் சுருட்டிக் குளியலறை மூலையில் வைத்துவிட்டு, உணவுக்கூடத்துக்குப் போய் அவளுக்காக இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுத்து வந்தேன். எல்லாரும் தொடும் அதே இடுக்கியால்தான் எடுத்தேன்.

அறையைத் துப்புரவு செய்ய வந்த இளைஞர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முதல் நாள் வேட்டியை மடித்துக் கொடுத்தவரும் அவரே. துண்டுகளைப் பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது. சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு முடியலைன்னா நாலாவது தளத்துல டாக்டர்கிட்ட சொல்லிருங்க. எனக்கு இந்த வரிசையில பதினெட்டு ரூம். உங்க ரூம்ல இருந்து அடுத்த ரூமுக்குப் போறது நான்தான்."

கடுமையாக ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

நோரோ வைரஸ் என்பது வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் ஒரு நுண்மி. 1968-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து நார்வாக் நகரப் பள்ளி ஒன்றில் பரவிய நோயிலிருந்து அதற்கு அப்பெயர் வந்தது. மிகக் குறைந்த எண்ணிக்கையிலான நுண்மிகளே ஒருவரை நோயாளியாக்கப் போதும். கைப்பிடி, இடுக்கி, மின்தூக்கிப் பொத்தான் ஆகியவற்றின் மேல் அது நாள்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். உணவுக்கூட வாசலில் கையில் தெளிக்கும் ஆல்கஹால் திரவம் அதனிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு இருபது விநாடியாவது கழுவ வேண்டும். கைகழுவும் தொட்டியைத் தவிர்த்துவிட்டு, இரண்டு சொட்டுத் திரவத்தைத் தேய்த்துக்கொண்டு உள்ளே செல்பவர்கள் அறிந்து செய்யும் பிழையன்று இது, அறியாமல் செய்வது.

கப்பல்களை நோய்க்கூடங்களாகச் சித்திரிப்பதும் தவறு. பதிவாகும் நோரோ வைரஸ் தொற்றுகளில் கப்பலில் நேர்பவை ஏறத்தாழ 1 விழுக்காடுதான் என்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம். முதியோர் இல்லங்கள், உணவகங்கள், பள்ளிகள் ஆகியவற்றில்தான் அது மிகுதி. கப்பலில் எண்ணி அறிவிக்கும் ஒழுங்கு இருப்பதால் செய்தியாகிறது. அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுக்காக 1975 முதல் அம்மையம் ஒரு சுகாதாரத் திட்டத்தையே நடத்தி வருகிறது. நோயுற்ற பயணிகள், அறிகுறிகள் நின்று குறைந்தது 24 மணி நேரமாவது அறையிலேயே இருக்க வேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது. உணவைக் கையாளும் பணியாளருக்கு அது 48 மணி நேரம். ஆனால், இந்த ஒழுங்கு முழுவதும் ஒரே ஒரு புள்ளியில் தொங்குகிறது. நோயுற்றவர் தாமாக வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் இருப்பதற்கான தூண்டுதலோ கப்பலில்தான் மிக அதிகம்.

நான் மருத்துவப் பிரிவை அழைத்தேன். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, கட்டணமும் வாங்கவில்லை. என் மனைவியை அறையிலேயே இருக்கச் சொன்னார். என்னையும் உணவுக்கூடத்தைத் தவிர்க்கச் சொன்னார். மறுநாள் பிற்பகல்வரை அறைவாசலுக்கே கஞ்சியும் ரொட்டியும் வந்தன. கடைசிநாள் காலையில் அவள் நடமாடத் தொடங்கினாள். நான் பேசாமலிருந்த அந்தச் சில மணி நேரத்தில் அந்த இடுக்கியை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை இன்றுவரை எண்ணிப் பார்க்க அஞ்சுகிறேன்.

கீழ்த்தளத்து மனிதர்கள்

அந்த இளைஞர் எங்களால் நோயுற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் தனிமைப்படுத்தப்பட்டிருப்பார், அவருடைய பதினெட்டு அறைகள் ஏற்கெனவே சுமையுடன் இருக்கும் மற்றவர்களுக்குப் பகிரப்பட்டிருக்கும், அவருடன் அறையைப் பகிர்ந்துகொள்பவரும் அச்சத்தில் இருந்திருப்பார். 2006-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. கடற்பணியாளர்கள் வேலை செய்யும் நேரம் நாளொன்றுக்கு 14 மணியையும் வாரத்துக்கு 72 மணியையும் தாண்டக் கூடாது என்பதோ, நாளொன்றுக்கு 10 மணியும் வாரத்துக்கு 77 மணியும் ஓய்வு தரப்பட வேண்டும் என்பதோ அதன் வரையறை. பாதுகாப்புக்காக வகுத்த வரம்பே இவ்வளவு என்றால், உழைப்பின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

2020 பிப்ரவரியில் யோக்கோகாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் தனிமைப்படுத்தப்பட்டபோது இந்த ஏற்றத்தாழ்வு உலகுக்கே தெரிந்தது. அதிலிருந்த 3,711 பேரில் 700-க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் தத்தம் அறைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு வேளாவேளைக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள், தங்கள் நெருக்கமான அறைகளுக்கும் பொது உணவறைக்கும் திரும்பிச் சென்ற பணியாளர்கள். இந்தியர்களும் நூற்றுக்கு மேல் அவர்களிடையே இருந்தார்கள். ஒருவர் அறைக்குள் பாதுகாப்பாக இருக்க வேண்டுமெனில் மற்றொருவர் நடைபாதையில் நடந்தாக வேண்டும் என்பதே கப்பலின் உண்மை.

ஆகவேதான், பயணத்தின் கடைசி இரவில் வரவேற்பு மேசையின் முன் நீண்ட ஒரு வரிசை எனக்கு உறுத்தலாக இருந்தது. பணியாளர்களுக்காக நாள்தோறும் கணக்கில் சேர்க்கப்படும் அன்பளிப்புத் தொகையை நீக்கச் சொல்லி நின்ற வரிசை அது. ஊதியத்தைப் பயணிகளின் விருப்பத்திடம் விட்டுவிடுவது நிறுவனங்களின் தந்திரம் என்ற வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அந்த வாதத்தை நிறுவனத்திடம் எழுதிக் கேட்பதே முறை. படுக்கை விரித்தவரின் பங்கில் கைவைத்துக் கேட்பதன்று.

யாருடைய பொறுப்பு?

எல்லாப் பழியையும் பயணிகள்மேல் சுமத்துவது நியாயமாகாது. வரிசைகள் நீள்வதற்கும் நாற்காலிகள் போதாமைக்கும் ஒரு கப்பலில் எத்தனை பேரை ஏற்றுவது என்று முடிவு செய்பவர்களே முதற்பொறுப்பு. நோயை மறைத்தவருக்குக் கரையிறங்கும் வாய்ப்பும், உண்மையைச் சொன்னவருக்கு இழப்பும் கிடைக்கும் வரை, மனிதர்கள் மறைக்கவே செய்வார்கள். உண்மையைச் சொல்பவருக்கு இழந்த நாள்களின் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தருவதை எல்லா நிறுவனங்களும் வழக்கமாக்கினால், எச்சரிக்கைப் பலகைகள் பத்து வைப்பதைவிடப் பயன் தரும். ஆளில்லா நாற்காலியிலிருந்து துண்டை எடுத்த பணியாளரை, புகார் வந்தாலும் மேலதிகாரிகள் காக்க வேண்டும்.

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் உண்டு. உல்லாசக் கப்பல் பயணம் இனி நமக்கு அயலானதன்று. 2024 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'குரூஸ் பாரத்' இயக்கம், கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்குவதை இலக்காகக் கொண்டுள்ளது. சென்னை, கொச்சி, மும்பை ஆகிய துறைமுகங்களில் முதன்முறையாகக் கப்பலேறும் குடும்பங்கள் பெருகப்போகின்றன. புகைப்படத்துக்கு எந்தத் தளம் அழகு என்பதைச் சொல்லிக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். பயிற்சிக்கு நேரத்தில் வருதல், சோப்பால் கைகழுவுதல், கப்பலின் மணிக்கு ஒரு கடிகாரத்தை வைத்துக்கொள்ளுதல், எழுந்து செல்லும்போது துண்டையும் எடுத்துச் செல்லுதல், உடல்நலமில்லையெனில் சொல்லிவிடுதல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பயண முகவர்களும் முன்வர வேண்டும். இவற்றுள் எதற்கும் பணம் செலவில்லை.

சிங்கப்பூரில் இறங்கிய காலையில் அந்தத் தூத்துக்குடி இளைஞரைத் தேடினேன். அவர் வேறோர் அறையின் விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வரிசையில் வேறு யாருக்கேனும் உடல்நலம் கெட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். என் மனைவி அவர் கையைப் பற்றிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பரவாயில்லம்மா, நீங்க நல்லாயிட்டீங்கல்ல" என்று சொல்லிவிட்டு, முதலில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அதன் பிறகே அடுத்த தலையணையைத் தொட்டார்.

வீடு திரும்பியதும் குறிப்பேட்டைத் திறந்து, 'சக பயணிகள் தரும் தொல்லைகள்' என்ற தலைப்பில் 'சக' என்ற சொல்லை அடித்துவிட்டேன்.